சித்தி போட்ட சென்ட்

அன்று தேவாரம் ஊர் ஏலக்காய்க் கொட்டகையில் இருந்தவர்கள் என் அம்மா, அம்மாவின் தங்கை பேச்சியம்மா, மேஸ்திரி, பள்ளி லீவுக்கு அம்மாவோடு போயிருந்த நான். அந்தக் கொட்டகை இப்போது இல்லை. பச்சைக்காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பொறுக்கி, தகரத் தட்டில் போடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். சேலை, தலைமுடி, கட்டிக்கொண்டு போன சோறு, எல்லாம் ஏலக்காயாகவே மணக்கும்.

சித்தி அன்று குமுளியில் வாங்கிய சென்ட்டைப் போட்டு வந்தாள். மல்லிகையும் முகப்பவுடரும் கலந்த மாதிரி வாசம். மேஸ்திரி மோப்பம் பிடித்துவிட்டார்.

"ஆத்தா, காயில சென்ட் வாசம் ஏறிரும். கழுவிட்டு வா, இல்லன்னா வீட்டுக்குப் போ."

"பதினஞ்சு வருசமா உங்க காய் வாசம் எம்மேல ஏறிக் கெடக்கே, அதை யாரு கழுவுனாக?" என்றாள் சித்தி.

அம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். சித்தி முறத்தை மேஸ்திரி முன்னால் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். மறுநாளே ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கேயும் சென்ட் போட்டுக்கொண்டுதான் போனாள்.

இன்று தேனிக் கடையில் அதே சென்ட்டைக் கேட்டேன். "அது பழைய காலத்து வாசம்க்கா, புதுசு எடுங்க" என்றாள் கடைப் பெண்.

"இதையே குடு" என்றேன்.

தீர்ந்த பாட்டில் ஒன்றைக்கூட நான் எறிந்ததில்லை. இதுவும் தீர்ந்தால் பதினேழு.