அம்மா படித்துப் பார்த்த ஆஸ்திரேலியா

நூலகப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை ஈரக் கையால் பிரித்தால் ஒரு சடசடப்பு எழும். தேக்கா சந்தையில் வாங்கி வந்த மீனைக் கழுவி வைத்துவிட்டு, கையைச் சரியாகத் துடைக்காமலே அம்மா புத்தகத்தை எடுத்துவிடுவார் என்பதால், எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் சனிக்கிழமைகள் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கின.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருந்த அப்பாவுக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. பதில் சொல்ல மூன்று மாத அவகாசம். குடும்பத்தோடு போய்விடலாம் என்று அவர் துடித்தார். அம்மாவோ, "தெரியாத ஊருக்கு எப்படிங்க வர்றது? அந்த ஊரு ஆளுங்க என்ன எழுதியிருக்காங்கன்னு மொதல்ல படிச்சுப் பாக்குறேன்" என்று சொல்லி, ஆஸ்திரேலிய நாவல்களை இரவல் எடுத்து வந்தார். பள்ளியில் உயர்நிலை நான்கு வரை படித்தவர்தான் என்றாலும் ஆங்கில நாவல் அவருக்குப் பழக்கமில்லை. அதனால் எதிர்வீட்டு பிலோமினா ஆன்ட்டியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். தேவாலயத்தில் வேதம் வாசித்துப் பழகிய ஆன்ட்டி உரக்க வாசிப்பார், அம்மா கேள்வி கேட்பார், அகராதி பார்ப்பது என் வேலை. அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டு கேட்காதவர்போல் உட்கார்ந்திருப்பார்.

முதல் நாவல் பழங்காலத்தது. வறட்சியில் ஆட்டுப் பண்ணையைத் தனியாகக் காத்து நிற்கும் ஒரு பெண்ணின் கதை. "என்ன லா இது, முப்பது பக்கம் போச்சு, பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு வரலையே!" என்று ஆன்ட்டி அங்கலாய்த்தார். கதவைத் திறந்தால் நாலு முகம் தெரிகிற எங்கள் அடுக்குமாடி "புளோக்"கில் அது நம்ப முடியாத சங்கதி. அம்மா சிரிக்கவில்லை, அந்தப் பெண் மழைக்காக வானத்தைப் பார்க்கும் பக்கத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

இரண்டாவது, பூர்வகுடிப் பெண் ஒருவர் எழுதியது. அதிகாரிகள் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டுபோகும் இடத்தில் ஆன்ட்டியின் குரல் உடைந்தது.

"அதெல்லாம் அந்தக் காலம்," என்றார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

அம்மா பின்னட்டைப் படத்தைத் திருப்பிக் காட்டினார். "எழுதுனவங்களுக்கு என் வயசுதான் இருக்கும். அப்புறம் எப்படிங்க அந்தக் காலம்?"

அப்பா செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அவகாசம் முடியப் பத்து நாள் இருக்கையில் அம்மா, "சரிங்க, போவோம். நல்லது கெட்டது ரெண்டையும் மறைக்காம எழுதுற ஊரு. எனக்குப் பயம் போயிடுச்சு" என்றார். துள்ளிக் குதிப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்த அப்பா, தயங்கித் தயங்கி, "வேணாம்னு தோணுது. அந்தப் பண்ணையில உன்னைய மனசுல நிக்க வச்சுப் பாத்தேன். நான் வேலைக்குப் போயிட்டா உனக்கு யாரு இருக்கா?" என்றார். ஒரு வரிகூட விடாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு ஏமாற்றம்தான், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு ஆஸ்திரேலிய நாவலோடு வந்தார். அந்தச் சனிக்கிழமை அப்பா செய்தித்தாள் இல்லாமல் மேசையில் வந்து உட்கார்ந்தார்.

அந்த வீட்டை விற்றுவிட்டோம்; இப்போது எல்லாரும் ஊரின் இன்னொரு கோடியில், செங்காங்கில். உரக்க வாசிப்பது போய்விட்டது, அவரவர் கைப்பேசியில் மௌனமாகப் படிக்கிறோம். எங்களில் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் ஆன்ட்டிதான், மெல்பர்னில் மகன் வீட்டுக்கு. ஞாயிறுதோறும் காணொளியில் வருவார். அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் எழுதும் புதிய நாவல்களைப் பற்றிப் பேசுவோம். போன வாரம் அவருக்கும் அம்மாவுக்கும் ஒரு கதையில் வாக்குவாதம்.

"நான் இங்கேயே இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார் ஆன்ட்டி.

"நீங்க அங்க இருக்கீங்க. நான் படிச்சிருக்கேன் லா!" என்றார் அம்மா.

அப்பா சிரித்த சிரிப்பில் ஆன்ட்டி அடுத்துச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.