அண்ணன் பெயரில் வந்த கை

ரத்தம் எடுக்கிறவளைப் பார்த்து "அடிக்கடி வாங்க" என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் இதய கிளினிக்கில் இருபத்து மூன்று வருடமாக ஊசி பிடிக்கிறேன். நான் தாதி அல்ல, ஆய்வுக்கூட ஊழியர். ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் நான் 'மிஸ்ஸி'தான். பெரும்பாலோர் மாரடைப்பில் பிழைத்தவர்கள். அவர்கள் தேறி வருகிறார்களா என்பதை ரத்தத்தில் சில அளவுகள் காட்டும். கொழுப்பு, சர்க்கரை, அப்புறம் இதயம் எவ்வளவு திணறுகிறது என்று காட்டிக் கொடுக்கும் பி.என்.பி. என்ற ஒன்று. ஊசிக்குக் கை நீட்டியே பழகிப்போன வாசகர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

கோசோங்

சேகரன் கிள்ளானில் லோரி ஓட்டுபவர். வயது ஐம்பது. மாரடைப்பு வந்து இரண்டு மாதம் கழித்து முதல் தடவையாக என் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் கம்பெனி அவரை மறுபடி லோரியில் ஏற்றும். ரத்தம் திருப்தியாக இருந்தால்தான் டாக்டர் கடிதத்தைப் பற்றிப் பேசவே ஆரம்பிப்பார். தன் லோரியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார் என்பதை, பெண்ணைத் தெரியாத இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்ட தகப்பன் மாதிரி சொன்னார்.

முந்தின நாளே போனில், வயிறு கோசோங்காக வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கோசோங் என்றால் மலாயில் காலி. சாப்பாட்டுக் கடையில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி சானாய்க்கும் கோசோங், சர்க்கரை போடாத தேநீருக்கும் கோசோங். காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டேன். ரயிலை விட்டு இறங்கியதும் சாப்பிட்டதாகச் சொன்னார். நான் ஊசியைக் கீழே வைத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க சொன்ன மாதிரிதான் மிஸ்ஸி செஞ்சேன். ரொட்டியும் கோசோங், தேயும் கோசோங்."

பரீட்சை

மறுநாள் உண்மையிலேயே காலி வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தார். அந்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. எங்கள் கிளினிக் பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. முடிவுத் தாள் கைக்கு வந்தால் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவருடைய தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்று சேகரனுக்குப் பக்கத்தில் இருந்தவர் சுங்கை வேயிலிருந்து வரும் ராஜம்மா டீச்சர். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. போன வருடம் அவருக்கும் மாரடைப்பு.

டீச்சருடைய பி.என்.பி.யைவிடத் தன்னுடையது பல மடங்கு பெரியது என்று கண்டதும் சேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய இஞ்சினுக்குப் பெரிய நம்பர் இருக்கத்தானே செய்யும் என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார். டீச்சர் இரண்டு தாள்களையும் வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி நிதானமாகப் படித்தார். பிறகு சேகரனின் சட்டைப் பையில் தெரிந்த சிகரெட் பெட்டியைப் பார்த்தபடி வகுப்பறைக் குரலில் தீர்ப்புச் சொன்னார்.

"இந்தப் பரீட்சையில கம்மியா வாங்குறவன்தான் பாஸ், தம்பி. நீ ஃபெயில். மொதல்ல அந்த சிகரெட்ட விடு."

கை

கடிதம் கிடைக்கவில்லை. மூன்று மாதம் மருந்து, நடை, சிகரெட் கூடாது, அப்புறம் மறுபடி ரத்தம் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

மூன்று மாதம் கழித்துச் சேகரன் பெயரைக் கூப்பிட்டேன். மீசை வைத்த ஆள் வந்து உட்கார்ந்தார். வழக்கப்படி ஐ.சி., அதாவது அடையாள அட்டை நம்பரைக் கேட்டேன். மூச்சுவிடாமல் ஒப்பித்தார். தன் சொந்த நம்பரை யாரும் அவ்வளவு அக்கறையாகச் சொல்ல மாட்டார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், நமக்கு முகம் மறந்துபோகும், கை மறக்காது. சேகரனுடைய நரம்பு ஊசியைக் கண்டாலே நழுவி ஓடும். எனக்கு முன்னால் இருந்த கையில் அது தோட்டத்துக் குழாய் மாதிரி எடுப்பாக நின்றது. சேகரன் எங்கே என்று கேட்டேன். அவர் வாசலைப் பார்த்தார்.

வந்தவர் குமார், சேகரனின் தம்பி. ஸ்ரீ கெம்பாங்கானில் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அண்ணன் சிகரெட்டை விட்டுவிட்டாராம், தினமும் நடக்கிறாராம். ஆனாலும் மறுபடி ஃபெயில் ஆனால் லோரி நிரந்தரமாகக் கையை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில், கிளினிக்குக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். குமார் ஒருநாள்கூட டாக்டரிடம் போகாதவர், குடும்பத்திலேயே திடமான ஆள். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இது தப்பில்லையா என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே அப்பா ரத்தம்தானே மிஸ்ஸி, யாரு குடுத்தா என்னலா?"

இரண்டு தாள்

டாக்டரிடம் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரே அப்பா என்றால் தம்பியையும் பார்த்துவிட வேண்டியதுதான் என்றார். கீழே இருந்த சேகரனை மேலே வரவழைத்தோம். இரண்டு பேருக்கும் அவரவர் பெயரிலேயே ரத்தம் எடுத்தேன். அண்ணனுக்கு மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது.

முடிவு வந்த அன்று இருவரும் சேர்ந்தே வந்தார்கள். சேகரனுடைய பி.என்.பி. நன்றாக இறங்கியிருந்தது, கொழுப்பும் டாக்டர் கேட்ட இடத்துக்கு வந்திருந்தது. டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்த பிறகு டாக்டர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்து குமாருடைய தாளை எடுத்தார். சர்க்கரை, கொழுப்பு இரண்டும் அவர் புருவம் உயருகிற அளவுக்கு இருந்தன. சேகரன் அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேளை புடிச்சீங்க மிஸ்ஸி. இவன் ரத்தத்துக்கு எனக்கு சைக்கிள் ஓட்டக்கூட லெட்டர் கெடைச்சிருக்காது."

இப்போது அண்ணன் லோரியில் போகிறார், அவருக்குப் பதிலாகத் தம்பி என் நாற்காலியில் உட்காருகிறார். அவர்கள் போட்ட திட்டம் டாக்டர் சம்மதத்தோடு ஒழுங்காக நடந்து வருகிறது.