வரைபடத்தில் ஒட்டிய பொட்டுகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ராயபுரத்தில் ஒரு சமுதாயக்கூடத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் அதை நடத்தியவர்கள் மேல், அப்புறம் என் மேலேயே.

துறைமுகத்தை ஒட்டி வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதை அருங்காட்சியகமாக மாற்றத் திட்டம். அதற்கு முன்னால் ஊர் மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டுமாம். திட்டம் போட்டுக் கொடுத்த நிறுவனத்தில் நான் அப்போது வேலை பார்த்தேன். "உங்க ஏரியா ஆளுங்கதானே, நீங்க கூப்பிட்டா வருவாங்க" என்றார் மேலதிகாரி. நானும் பெருமை பொங்க வீடு வீடாகப் போய் அழைத்தேன். என்ன பெருமையோ போங்கள்!

அந்தக் கிடங்குக்குப் பின்பக்கம் ஓர் இரும்பு கேட் உண்டு. எப்போதும் திறந்தே கிடக்கும். மீன் விற்கும் பெண்கள் அந்த வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து வருவார்கள். அதை விட்டால் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைச் சுற்றித்தான் போக வேண்டும். தலையில் தண்ணீர் சொட்டும் கூடையோடு அந்த லாரிகளுக்கு நடுவில் நடப்பது என்னவென்று ஒருநாள் நின்று பார்த்தால் தெரியும். என் அம்மாவும் அந்த கேட்டைத் தாண்டித் தாண்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

கூட்டத்தன்று ஒரு பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து வைத்தார்கள். வந்தவர்கள் கையில் பச்சைப் புள்ளி ஸ்டிக்கர்களைக் கொடுப்பது என் வேலை. திட்டத்தில் பிடித்த இடம் எதுவோ அங்கே ஒட்ட வேண்டும். பிடிக்காத இடத்துக்கு? அதற்கு எதுவும் இல்லை. சிவப்புப் புள்ளி எங்கள் நிறுவனம் வாங்கவே இல்லை. இது எனக்கு முந்தின நாளே தெரியும். கேட்காமல் விட்டேன்.

எங்கள் தெரு அக்கா ஒருவர், அம்மாவோடு சேர்ந்து மீன் விற்றவர், வியாபாரம் முடித்துக் காலிக் கூடையோடு நேராக வந்திருந்தார். வரைபடத்தில் விரலை வைத்து வழி தேடிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"இன்னாம்மே இது, கேட்டாண்ட செவுரு போட்டுக்கீது?"

ஆமாம், சுவர்தான். அதை ஒட்டி ஒரு காபிக் கடை.

"புடிக்கலன்னா இன்னாத்த ஒட்றது?"

"அத அப்பால எழுதிக்கலாம்க்கா, இப்ப பச்சைய ஒட்டுங்க" என்றேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நெற்றியில் இருந்த அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, அந்தச் சுவர் மேல் வைத்து அழுத்தினார். "இந்தா, இது என்னுது."

அவ்வளவுதான். பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் பொட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். பொட்டு வைக்காத மாதா கோயில் தெருப் பெண்களுக்கு ஒருத்தி சுருக்குப்பையிலிருந்து புதுப் பொட்டு அட்டையையே எடுத்து நீட்டினாள். ஒரே சிரிப்பு, கூச்சல். சுவர் தெரியாத அளவுக்குப் பொட்டு. எனக்கும் உள்ளுக்குள் குஷிதான்.

மேலதிகாரி வந்தார். முகம் சுருங்கியது. "போட்டோ எடுக்கணும். நாம குடுத்த ஸ்டிக்கர் மட்டும்தான் செல்லும். இதெல்லாம் எடுத்துடுங்க" என்றார், என்னைப் பார்த்து.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்க்க, குனிந்து நின்று, ஒவ்வொரு பொட்டையும் நகத்தால் கீறிக் கீறி எடுத்தேன்.

அக்கா கையை நீட்டினார். "என் பொட்ட குடு."

கொடுத்தேன். நெற்றியில் வைத்து அழுத்தினார். ஒட்டவில்லை. பசையில் வரைபடத்தின் காகிதம் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி அழுத்தினார், கீழே விழுந்தது. புருஷன் உயிரோடு இருக்கும் பெண், வெறும் நெற்றியோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

'எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை' என்று அறிக்கையில் ஒரு வரி வந்தது. அட பாவிகளா! ஆனால் அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். சில மாதங்களில் சுவர் எழும்பியது. அதற்குப் பிறகுதான் வேலையை விட்டேன், அதனால் அதில் வீரம் ஒன்றும் இல்லை.

ஒருநாள் ஒரு பொட்டு அட்டையை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். வேறென்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. லாரிச் சாலையைச் சுற்றி வந்த களைப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அட்டையை வாங்கி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மூட்றதுன்னா மூடிக்கினு போங்க. எங்கள இட்டாந்து ஒக்கார வெச்சி, கேக்குற மாதிரி கேட்டுட்டு மூடாதீங்க" என்றார்.

எங்கேயாவது 'மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று பேனர் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பொட்டுகளைத் தொடாமல் இருப்பது. அதைக்கூட நான் செய்யவில்லை என்பதைத் தினமும் கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும்போது என் நகம் எனக்குச் சொல்கிறது.