தாய்மாமன் கடை மூட்டைக்குச் சிவப்பு

என் மனைவி தமிழ்ச்செல்விக்குப் பொய் சொல்ல வராது. கல்யாண வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால், உப்பு தூக்கல் என்று சமையல்காரரிடமே சொல்லிவிட்டு வருவாள். பக்கத்தில் நிற்கிற நான்தான் நெளிவேன். அப்படிப்பட்டவள் ஒரு செல்போன் ஆப் செய்தால் அதுவும் அவளை மாதிரியேதான் இருக்கும்.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீடு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போன வருஷம் எங்கள் நாய் புலி, கெட்டுப்போன பாக்கெட் தீனியைத் தின்றுவிட்டு, குளுக்கோஸ் ஏற்றி, எமனைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அதே தீனியால் ஊரில் இன்னும் பல நாய்கள் படுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. "முதல்லயே யாராச்சும் சொல்லியிருந்தா நம்ம புலி இம்புட்டுப் பாடு பட்டிருக்குமா?" என்று அழுதாள். அழுது முடித்த கையோடு ஆப்பை ஆரம்பித்தாள்.

தீனிப் பையில் அச்சடித்திருக்கும் பேட்ச் நம்பரைப் படம் பிடித்தால் ஒரு நிறம் வரும். பச்சை என்றால் வாங்கலாம். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். சிவப்பு என்றால் தொடக்கூடாது. வாங்கிப் போட்டவர்கள் எழுதுவதை வைத்து நிறம் மாறும். சிவப்புக்கு மட்டும் கால்நடை டாக்டர் ஒருவரும் ஆமாம் என்று சொல்ல வேண்டும், கடைசிப் பொத்தானைத் தமிழ்ச்செல்வி அழுத்த வேண்டும்.

வந்த புதிதில் எல்லாமே பச்சை. மதுரையில் ஒரு நாய்க்குக்கூட வயிற்றுவலி கிடையாது. எனக்குச் சந்தோஷம், அவளுக்குச் சந்தேகம். அந்த நேரத்தில் திருநகரிலிருந்து முனீஸ்வரி என்ற அம்மா போன் செய்து, தன் நாய் வாந்தி எடுப்பதை அரை மணி நேரம் விவரித்தார். ஆப்பைத் திறந்து பார்த்தால் அவரும் 'அருமை' என்றுதான் போட்டிருந்தார்.

"ஏங்க்கா, இதுல நல்லாருக்குன்னு எழுதியிருக்கீங்களே?"

"அதுல கடை பேரு கேக்குதேம்மா. கடைக்கார அண்ணே மக சடங்குக்கு எங்களக் கூப்பிட்டிருக்காரு. குத்தம் எழுதிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயிப் பந்தில உக்காருவேன்?"

தமிழ்ச்செல்வி அன்றைக்கே கடைப் பெயரைத் தூக்கிவிட்டாள். 'புகார்' என்ற சொல்லையும் தூக்கினாள். அந்த இடத்தில் 'உங்கள் செல்லம் இன்று எப்படி இருக்கிறது?' என்று மட்டும் கேட்டாள். அடேயப்பா! தன் ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று தெரியாத மனிதரெல்லாம் நாய் வெளிக்குப் போனது என்ன நிறம் என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குற்றம் சொல்லத்தான் கூச்சம், வளர்க்கிற நாயைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூச்சமும் இல்லை.

அப்படிப் பேசியதில் ஒரு பேட்ச் மாட்டியது. பல வீட்டு நாய்களுக்கு ஒரே தொந்தரவு. டாக்டரும் தீனிதான் காரணம் என்று சொல்லிவிட்டார். மதுரையில் அந்தச் சரக்கை மொத்தமாக எடுத்து விற்கிறவன் பழங்காநத்தத்தில் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி. தமிழ்ச்செல்வியின் கூடப்பிறந்த ஒரே தம்பி. வருகிற வெள்ளிக்கிழமை அழகர்கோவிலில் எங்கள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் காது குத்துவதில்லை.

சிவப்பு வரப்போகிற செய்தி கேட்டு அழகுபாண்டி வீட்டுக்கே வந்துவிட்டான்.

"ஒரு வாரம் பொறுக்கா. சரக்கு போயிரட்டும். அப்புறம் சிவப்பப் போட்டுக்க."

"சரக்கு எங்கடா போகும்? நாய் வயித்துக்குத்தான போகும்?"

"அப்பத் தம்பியவிட நாய் பெருசாப் போச்சு. போடு. போட்டுட்டு, வெள்ளிக்கிழமை பிள்ளைய யாரு மடில உக்கார வைக்கிறன்னு பாக்குறேன்."

வைத்த காபியைக் குடிக்காமல் போய்விட்டான். மஞ்சளிலேயே விட்டுவிடேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே சிவப்பை அழுத்தினாள். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. கோபத்தை மட்டும் காட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். தாய்மாமனைக் காணோம். தமிழ்ச்செல்வி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் காதைக் கடிக்க ஆரம்பித்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. அழகுபாண்டி சீர்த்தட்டுகளோடு இறங்கினான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. விறுவிறுவென்று வந்து சம்மணம் போட்டு, பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது. அதற்கு மேல் குரலை உயர்த்தி அழகுபாண்டி ஆரம்பித்தான்.

"எல்லாரும் கேளுங்க! கூடப்பிறந்த தம்பி நானு, அம்புட்டுக் கெஞ்சினேன். மாட்டேன்னு சிவப்பப் போட்டுட்டா. ஒரு பய வாங்க வரல. மூட்டை பூராத்தையும் கம்பெனிக்குத் திருப்பி ஏத்தி விட்டுட்டு வாரேன்!"

பெரிய சண்டைதான் என்று நான் வேட்டியை இறுக்கினேன். என் மாமனார் வழியில் தமிழ்ச்செல்விக்குச் சித்தப்பா முறையாகும் மொக்கையன் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, தம்பிக்கே மாத்தலயா?"

"மாத்தலயே!"

"அப்ப எவன் வந்து கேட்டாலும் மாத்த மாட்டா?"

"மாட்டா! அவ புத்தியே அப்படித்தான் சித்தப்பா."

"அப்பச் சரி. நம்ம சிப்பிப்பாறை நாய்க்கும் பைத் தீனிதான் வாங்கிப் போடுறோம். அந்த ஆப்ப என் போன்ல ஏத்து."

அவரைப் பார்த்து இன்னொருவர் போனை நீட்டினார். பிறகு இன்னும் சிலர். வீறிடும் மருமகனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, அழகுபாண்டி ஒவ்வொருவர் போனிலும் அதை ஏற்றிக்கொடுத்தான். மொக்கையன் சித்தப்பா போனில் எதுவோ சிக்கிக்கொண்டது. தட்டித் தட்டிப் பார்த்தான். தலையைத் தூக்காமலே கூப்பிட்டான்.

"அக்கா, ஓடிபி வரல. இங்க வந்து என்னன்னு பாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள் தமிழ்ச்செல்வி.