‘ஒண்ணுமில்ல’ என்று சொன்ன வாய்

காலை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், புஷ்பலதாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் அவள் வேலை பார்க்கும் தாம்பரம் ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஐ.சி.யு.ல கைய கட்டிப்போட்டு அடிக்கிறாங்களாம்க்கா. எங்க நாத்தனார் வூட்டாண்ட கீற பொம்பள சொல்லுச்சு. அத்தோட மாமனார் பொழச்சு வந்தும் தூக்கத்துல கத்திகினு எழுந்துக்கிறாராம்."

கூடுவாஞ்சேரியில் ஏறியதிலிருந்து அரைத்தூக்கத்தில் இருந்த புஷ்பலதா, அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டாள். அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை. கட்டுவதில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. முந்தாநாள் பதினொன்றாம் படுக்கைக்காரரின் வலது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியவள் அவள்தான். கட்டாவிட்டால் தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடுவார்.

பதின்மூன்று வருஷமாக நர்ஸ் வேலை. கோவளத்தில் மீன் விற்றுப் படிக்கவைத்த அம்மா காந்தா இன்னமும் அவளை ‘ஊசிக்காரி’ என்றுதான் கூப்பிடுவாள். கணவன் மதியழகனுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்ட். இவள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் ஷூ மாட்டிக்கொண்டிருப்பான். பால் வாங்கியாச்சா, கேஸ் வந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அலுப்பு எங்கே தொடங்குகிறது என்றுகூட இப்போதெல்லாம் தெரிவதில்லை.

பதினொன்றாம் படுக்கைக்காரர் யக்ஞநாராயணன், பொழிச்சலூரில் வீடு. வானிலை ஆபீசில் ரிடையர் ஆனவர். நிமோனியா முற்றி, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, பதினேழு நாளாக வென்டிலேட்டர். நினைவு தெளிவு, பேச்சுத்தான் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். மூச்சு அடைத்து உடம்பு வில்லாக வளையும். "அப்பாவுக்குப் பயம் ஜாஸ்தி, முன்னாடி எதுவும் சொல்லாதீங்க" என்று டல்லாஸிலிருந்து மகன் உமேஷ் சொன்னது, கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ஏறியிருந்தது. ஒவ்வொரு முறையும் குழாயை விடும் முன் எல்லா நர்சுகளும் சொல்வதையே இவளும் சொல்வாள்: "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல."

அன்று காலை, காய்ந்த உதட்டை நனைக்க ஈரப்பஞ்சோடு போனாள். வாய்ப்பழக்கத்தில் "ஒண்ணுமில்ல சார்" என்றாள். அவர் கண்ணை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மானிட்டரில் துடிப்பு நூற்று முப்பதுக்கு ஏறியது. கண்ணோரம் நீர் வழிந்தது. வெறும் பஞ்சுக்கு. தன் வாயிலிருந்து வருகிற அந்த வார்த்தைக்கே மனிதர் நடுங்குகிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த முறை குனிந்து சொன்னாள். "சார், இப்போ சளி எடுக்கப் போறேன். கஷ்டமாத்தான் இருக்கும். பத்து எண்ணிட்டு நிறுத்திடுவேன். இனிமே எது பண்ணாலும் சொல்லிட்டுத்தான் பண்ணுவேன்."

வளைந்தார், திணறினார். பத்தில் நிறுத்தினாள். மணிக்கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தாள். கை குழாயைத் தேடிப் போகவில்லை.

மத்தியானம் எக்ஸ்ரே வந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. நாலு மணிக்கு விலாவில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்றார் டாக்டர் வினிதா. மரத்துப்போக ஊசி உண்டு, ஆனாலும் வலிக்கும். யக்ஞநாராயணனிடம் முன்னாலேயே சொல்லிவிடட்டுமா என்று புஷ்பலதா கேட்டதற்கு, வீட்டில் வேண்டாம் என்றிருக்கிறார்களே, அவர்கள் சரியென்றால் சொல்லுங்கள் என்றுவிட்டுப் போய்விட்டார். சொல்லாமல் கத்தியோடு போய் நின்றால், காலையில் கொடுத்த வாக்கும் பொய்யாகிவிடும். அதன்பிறகு அந்தக் கையை அவிழ்க்கவே முடியாது.

மனைவி காமு அம்மாள் வெளியே நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். புஷ்பலதா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காமு அம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஊருக்கெல்லாம் காத்து வரும், மழை வரும்னு முன்னாடியே சொன்ன மனுஷர்மா. அவர்கிட்ட மறைக்கணும்னு எனக்கென்ன ஆசையா? உமேஷ் கோச்சுப்பான். அவனைக் கேக்காம நான் ஒண்ணும் பண்றதில்ல."

"அப்ப கேட்டுடுங்கம்மா. நாலு மணிக்குள்ள."

"அங்க இன்னும் விடியலையே."

"எழுப்புங்கம்மா. தூக்கம் போனா அப்புறம் தூங்கிக்கலாம்."

காமு அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாட்ஸ்அப்பில் மகனைத் தேடி அழுத்தினாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினாள். நின்றது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ எஃகுத் தட்டில் பச்சைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். யக்ஞநாராயணனின் கண்கள் அந்தத் தட்டைத் தொட்டுவிட்டு, புஷ்பலதாவைத் தேடின.

மூன்று ஐம்பது. மூன்றாம் முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது.