அண்ணி கையால் ஒரு சோமாஸ்

இந்த ஊரில் எனக்கு ரொட்டி மருந்துக் கடையில்தான் கிடைக்கும். டாக்டர் சீட்டு எழுதித் தர வேண்டும். கடைக்காரர் சீட்டையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தகர டப்பாவில் அடைத்த ரொட்டியை எடுத்து வைப்பார். எனக்குப் பின்னால் இருமல் மருந்துக்கு நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு இருப்பது சீலியாக் என்ற நோய். கோதுமையில் உள்ள பசைச்சத்து பட்டால் குடலின் உள்பக்கம் கெட்டுப்போகும். ஒரு துணுக்கு போதும். அதனால் எதையும் நம்பாமல் சாப்பிடுவதே என் பிழைப்பாகிவிட்டது.

சந்தேகப்படுவது எனக்குப் புதிதல்ல. அறுபதுகளில் விருத்தாசலம் செராமிக் ஆலையில் சூளையிலிருந்து வரும் கோப்பைகளைச் சுண்டிப் பார்த்து, சத்தத்தில் விரிசல் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அந்தக் கைத்தொழிலை நம்பித்தான் இங்கிலாந்தில் பீங்கான் செய்யும் இந்த ஊருக்கு வந்தேன். மூன்று வேளையும் ரொட்டி. ஆறு மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஊரில் ரேஷன் கோதுமை போட்ட வருஷங்களில் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பார்த்து நோயைச் சொன்னார்கள்.

அதற்குப் பின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா விருந்து வைத்தார். கோழிக்கறி மேல் பழுப்பாக ஒரு குழம்பை ஊற்ற வந்தார். கோதுமை இருக்கிறதா என்றேன். "சேச்சே, இதில் ரொட்டியே போடவில்லையே" என்றார். கெட்டியாக வர ஒரு கரண்டி மாவு கரைத்தாராம், அவ்வளவுதான். என்ன மாவு என்று திரும்பக் கேட்டேன். சமையலைக் குறை சொல்கிறேன் என்று முகம் சிவந்துவிட்டது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அவர்கள் பாடிய பாட்டுக்கு மட்டும் கை தட்டினேன். பண்டிகைச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமானால் நம் ஊர் தீபாவளிக்குத்தான் போக வேண்டும், அங்கே எல்லாம் அரிசிதானே என்று ஏங்கிப்போனேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்குப் போய் இறங்கினேன். வீடு சரியில்லை என்பது வந்த அன்றே தெரிந்தது. அடுப்படியில் அம்மா மட்டும் இருந்தார். அண்ணி கொல்லையில் தனி அடுப்பு மூட்டியிருந்தார். அவர் தந்த தண்ணீரைக்கூட அம்மா வாங்கவில்லை. அண்ணன் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று அம்மாவைத் தனியே கேட்டேன்.

"அவ கையால எதயும் தின்னாதடா. நீ சீமைக்குப் போறன்னைக்கு அவ குடுத்த பலகாரத்துலதான் வச்சிருக்கா."

"என்னாத்த வச்சாங்க?"

"மருந்த. அவ தங்கச்சிய உனக்குக் கட்டி வைக்கணும்னு நின்னா இல்ல? நீ ஒத்துக்கல. அந்த ஆங்காரந்தான். வெள்ளக்கார டாக்டரே கொழா வுட்டு எடுத்துட்டாருன்னு நீதான எழுதின?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சோறு செரிக்கவில்லை, உடம்பு இளைக்கிறது என்றால், யாரோ மனசைக் கட்ட மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். வயிற்றின் மேல் குழாயை வைத்து உறிஞ்சி அதை எடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. 'சாப்பாட்டில் இருந்ததுதான் காரணமாம், குழாய் விட்டு எடுத்துப் பார்த்தார்கள்' என்று நான் எழுதிய இரண்டு வரி போதுமாக இருந்திருக்கிறது. தெரு முழுக்கப் பரவி, அண்ணி கொடுத்தால் பிள்ளைகள்கூடப் பலகாரம் வாங்குவதில்லையாம். நாலு வருஷமாக. என் கையெழுத்தில் அப்படி ஒரு பழி. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

தீபாவளி அன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்து எல்லாரும் கூடத்தில் இருந்தபோது, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அண்ணியின் அப்பாவும் வந்திருந்தார். அண்ணி ஒரு தட்டில் சோமாஸ் கொண்டுவந்து என் முன்னால் நின்றார். தட்டை என் பக்கம் நீட்டினார். குரல் நடுங்கவில்லை.

"சாப்பிடுங்க தம்பி. ஒங்களுக்குக் கோதுமை ஆகாதுன்னு பின்னாடி வந்த லெட்டர்ல படிச்சேன். ஒரு பொட்டு கோதுமை சேக்கல. எல்லாம் மைதாவுலதான் செஞ்சேன்."

"மைதா எதுல ஆட்டறது அண்ணி?"

"மரவள்ளிக் கெழங்குலதான. ஜவ்வரிசி மாதிரி."

நம்மில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறோம். கோதுமை என்றால் சப்பாத்தி. ரவையும் மைதாவும் சேமியாவும் வேறு எங்கிருந்தோ வருகின்றனவாம். மூன்றும் கோதுமைதான். ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தே மைதாவில் செய்தாரோ? நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணி, மைதாவும் எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்தியா, கையில எடுக்கறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிபோச்சு" என்றார் அம்மா.

அண்ணியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இதில் எனக்கு ஆகாத ஒன்று இருக்கிறது என்ற உண்மையை அந்தக் கூடத்தில் சொல்ல எனக்கு வாயில்லை. சொன்னால் அண்ணி கதை முடிந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். தேங்காயும் பொட்டுக்கடலையும் ஏலக்காயும் நாக்கில் பட்டதும், அடடா, எத்தனை வருஷம் ஆகிவிட்டது! இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன். மூன்றாவதை அம்மா கையில் வைத்தேன். அவர் என்னையே பார்த்தார். நான் விழவில்லை. மெதுவாக ஒரு ஓரத்தைக் கடித்தார். அண்ணி அடுப்படிக்குள் போய்க் கதவோரம் நின்று அழுதார்.

மத்தியானத்துக்குள் வயிறு முறுக்க ஆரம்பித்தது. வாந்தி எடுத்ததை யாராவது பார்த்தால் பழி மறுபடி ஒட்டிக்கொள்ளும். பழைய சிநேகிதனைப் பார்க்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு மணிமுத்தாற்றங்கரைக்குப் போய், முட்செடிக்குப் பின்னால் குனிந்து கிடந்தேன். பட்டாசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் அவசர வேலை என்று பொய் சொல்லி மெட்ராஸுக்கு ரயிலேறினேன்.

இங்கே வந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். தெரிந்தும் ஏன் சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டார். பண்டிகை என்றேன். கட்டுப்பாடு இல்லாத நோயாளி என்று அட்டையில் எழுதிக்கொண்டார். திருத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்த வீட்டில் அடுப்படி முழுக்க அண்ணி ராஜ்ஜியம்தானாம். தீபாவளி தோறும் துணியில் வைத்துத் தைத்த பார்சல் ஒன்று வருகிறது. நூறு சோமாஸாவது இருக்கும். பிரித்து முகர்ந்து பார்ப்பேன். பிறகு பட்டறையில் கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர்களுக்குக் கொடுப்பேன். ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு, உனக்கு எங்கே என்பார்கள். வீட்டில் தின்றுவிட்டேன் என்பேன். சாயங்காலம், வழக்கத்தைவிட இந்த முறை மொறுமொறுப்பு அதிகம் என்று அண்ணிக்குக் கடிதம் எழுதுவேன். அந்த ருசியை மட்டும் தின்றவர்களிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுவேன்.