ஓப்பன் பேப்பரில் என் பெயர்

கார் விற்பனைக்கு என்று எழுதிய தாளைப் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் அதை உரித்து எடுத்துவிடுவேன். அந்த இரண்டு நாளும் குறிஞ்சாக்கேணிக்குப் போய், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் அவருடைய மனைவியையும் ஏற்றிக்கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. இயந்திரத்தில் இரத்தம் சுத்தமாகி முடிய நாலு மணித்தியாலம் எடுக்கும். அதுவரை வெளியே நின்று, திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விடுவேன். இரண்டு வருடமாக இதுதான் வழக்கம்.

நான் போகப்போவதை அவர்களிடம் சொல்லவில்லை. மாலைதீவில் ஒரு சரக்குப் படகில் வேலை கிடைத்திருந்தது, பயணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. மன்னார் உப்பளத்தை விட்டபோதும் கொழும்பில் கொங்கிரீட் வேலையை விட்டபோதும் கட்டாரை விட்டபோதும் நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவன் இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு என்னிடம் எப்போதும் நல்ல பதில் இருந்ததில்லை.

கார் இருபத்தைந்து வயதைத் தாண்டியது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு முன்னால் நிற்கும். கடற்காற்றில் கதவுகளின் அடிப்பக்கம் அரித்துவிட்டது. முன் இடதுபக்கச் சீட் அந்தக் காருடையதே இல்லை. இயந்திரத்திலிருந்து எழும்பி வரும்போது ஆசிரியரின் மனைவியால் நிமிர்ந்து இருக்க ஏலாது. அதனால் உடைந்த வான் ஒன்றின் சீட்டை வாங்கி, அடியில் இரும்பு வைத்து ஒட்டிப் பொருத்தினேன். சாய்த்தால் கட்டில் மாதிரிப் படுக்கும். அவர் வீடு வரும்வரை அதில் தூங்கிக்கொண்டு வருவார்.

வாங்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் அந்தச் சீட்டைத்தான் குற்றம் சொன்னார்கள்.

வந்தவர்களைவிடத் தொலைபேசியில் வந்தவர்கள் அதிகம். வணக்கம் சொல்வதற்கு முந்தியே கடைசி விலை என்ன என்று கேட்பார்கள். ஒருவர் ஒவ்வொரு நாளும் நான் சோறு தின்னும் நேரம் பார்த்து எடுத்தார். எஞ்சின், டயர், பெயின்ட், எல்லாம் விபரமாகக் கேட்டார். எட்டாம் நாள், எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று நான் கேட்டேன். தான் வாங்கப்போவதில்லை, தன்னிடமும் இதே மாதிரிக் கார் ஒன்று விற்க நிற்கிறது, சந்தை எப்படிப் போகிறது என்று அறியத்தான் எடுத்ததாகச் சொன்னார். மரியாதையான மனிதர். நன்றி சொல்லித்தான் வைத்தார்.

இன்னொருவர் தன்னோடு, பாஸ் என்று கூப்பிடும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். பாஸ் ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு தண்ணீர் கேட்கிற சாட்டில் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, எஞ்சின் நல்லது என்று சொல்ல எனக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டார். தண்ணீர் தருவேன் என்றேன். குடித்துவிட்டுப் போய், எஞ்சின் இன்னும் இரண்டு மாதம்தான் ஓடும் என்றார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் உப்புவெளிப் பக்கம் போனார். நான் பின்சீட்டில் இருந்தேன். வழியில் மாமன் வீட்டில் இறங்கினார். எனக்கும் தேத்தண்ணி தந்தார்கள். அங்கிருந்து ஒரு கேஸ் சிலிண்டரை ஏற்றி அக்கா வீட்டில் இறக்கினார். அக்கா வீட்டிலும் தேத்தண்ணி. திரும்பி வந்து இறங்கும்போது, கார் கூடுதலாக எண்ணெய் குடிக்கிறது என்றார்.

தடை நீங்கிப் புதுக் கார்கள் திரும்பவும் இறக்குமதியாகின்றன, விலை விழும், பொறுத்துத்தான் வாங்குவேன் என்று சொல்வதற்காகவே நேரில் வந்து போனவர்களும் உண்டு.

இதையெல்லாம் தாண்டி விலை பேசி முடித்தவர்கள் மூன்று பேர். மூவரும் கடைசியில் படிவத்தைக் கேட்டார்கள். அதைப் பார்த்ததும் காரியம் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் பழைய வாகனம் கைமாறும்போது பெயர் மாற்றுவது குறைவு. பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைப்பார். வாங்குபவரின் பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விடுவார். அந்தப் படிவம் காரோடு சேர்ந்து கைக்குக் கை போகும். நாலு பேர் ஓட்டி முடித்திருப்பார்கள். புத்தகத்தில் முதல் ஆளே இருப்பார். இதை ஓப்பன் பேப்பர் என்போம். வெறுமையாக இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு.

ஆறு வருடத்துக்கு முன் கந்தளாயில் டயர்க் கடை வைத்திருந்த ஒருவரிடம் நான் இந்தக் காரை வாங்கினேன். அன்றைக்குப் பின்னேரம் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பெயர் என்று இருந்தது, பக்கத்தில் கோடு இருந்தது. எழுதிவிட்டேன். நீலப் பேனாவால், பெரிய எழுத்தில், முழுப்பெயரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு கோடு இருந்தால் எழுத வேண்டும் என்றுதான் படித்திருந்தேன். எழுதிய பிறகு அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மாற்றவும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வருடம் போய்விட்டது.

மூன்றாவதாக வந்தவர் கிண்ணியாவில் வியாபாரம் செய்பவர். படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, ஓப்பன் பேப்பர்ல பேர் எழுதின ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறேன்” என்றார். “நீங்க காரை விக்கேலாது. வச்சி ஓட்டுங்க.”

இப்போது என் பெயருக்கு மாற்றி, புத்தகம் வந்த பிறகு விற்பதென்றால் இருக்கிற நாள் போதாது. இல்லையென்றால் புத்தகத்தில் பெயருள்ளவரைத் தேடிப் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அது ஒரு பெண்ணின் பெயர்; அவர் எங்கே, இருக்கிறாரா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த திங்கட்கிழமை கோட்டைப் பக்கம் கடற்கரையில் காரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது, நகரத்தில் திரிகிற மான்களில் ஒன்று பின்கண்ணாடித் தாளைத் தின்றுகொண்டிருந்தது. பசைக்காகத் தின்றிருக்க வேண்டும். முழுவதும் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். செவ்வாய் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் மனைவியைச் சீட்டில் படுக்கவைத்துவிட்டு, ஆசிரியர் காரைச் சுற்றி வந்து நின்றார்.

“தம்பி, கண்ணாடியில என்ன ஒட்டிக் கிடக்கு?”

“மான் திண்டது போக மிச்சம், சேர்.”

“மான் திங்கிறதுக்கு முந்தி என்ன எழுதியிருந்தது?”

நான் பதில் சொல்வதற்குள், கண்ணை மூடிப் படுத்திருந்த மனைவி பேசினார். அவரை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். “காரை விக்கிறார். எனக்கு ரெண்டு கிழமையாத் தெரியும். ஒவ்வொரு செவ்வாயும் கண்ணாடியில புதுப் பசை. நாமளாக் கேக்கிறது சரியில்லையெண்டு இருந்தேன்.”

கிண்ணியாப் பாலம் தாண்டியதும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் இறங்கிய பிறகு ஆசிரியர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டோவில் இவரைக் கொண்டுபோக ஏலாது, இரண்டு தடவை முயன்று பார்த்தாயிற்று, பாதி வழியில் குமட்டிச் சத்தி எடுக்கிறார், இறக்கிப் படுக்கவைக்க இடம் இல்லை என்றார். வேறு கார் பிடித்தால் அந்தச் சீட் இருக்காது. ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். இந்தக் காரைத் தானே வாங்குவதாகச் சொன்னார். லைசன்ஸ் எடுத்துப் பல வருடம் ஆகிறது, ஓட்டியதுதான் இல்லை.

“ஆனா எனக்கு ஓப்பன் பேப்பர் வேணாம். எண்ட பேரில வேணும்” என்றார். “இவவ உள்ள வச்சிக்கிட்டுப் போகக்குள்ள பொலிஸ் மறிச்சா, புத்தகத்தில இருக்கிற ஆள் யாரெண்டு நான் என்னத்தச் சொல்றது? வெயில்ல ஒரு மணித்தியாலம் மறிச்சு வச்சா இவ தாங்குவாவா?”

அடுத்த நாள் கந்தளாய்க்குப் போனேன். டயர்க் கடைக்காரர் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தார். தானும் ஓப்பன் பேப்பரில்தான் வாங்கியதாகச் சொன்னார். எனக்கு முன் அந்தக் காரை மூன்று பேர் ஓட்டியிருக்கிறார்கள். புத்தகத்தில் பெயருள்ள பெண் அந்த ஊர்தான். குளக்கட்டுக்குக் கிட்ட வீடு என்று வழி காட்டினார். ஊர் மாறாமல் அவர் அதே வீட்டில் இருந்தது எனக்கு நிம்மதி.

அந்த அம்மா சிங்களவர். சீனித் தொழிற்சாலை நடந்த காலத்தில் அங்கே கிளாக்காக இருந்தவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். நான் கார் நம்பரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. உள்ளே போய் அலுமாரியிலிருந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். எல்லாம் அந்த நம்பரைப் பற்றிப் பொலிஸிலிருந்து வந்தவை.

“மன்னார்ல ஒரு வேலிய இடிச்சிட்டு நிக்காமப் போனது நான்” என்றார். “புத்தளத்தில ஒரு சைக்கிள்காரரோட சண்டை பிடிச்சதும் நான். இந்தக் கதிரையில இருந்துகொண்டு எல்லாம் செய்திருக்கிறன்.”

மன்னார் வேலி நான்தான். சொன்னேன். புத்தளம் எனக்கு முந்திய ஆள்.

காரை விற்றது அவருடைய கணவர். இப்போது அவர் இல்லை. முப்பது வருடம் வெறும் தாளில் கையெழுத்து வைக்காமல் வேலை செய்த தான், வீட்டில் கணவர் நீட்டிய தாளில் வைத்துவிட்டதாகச் சொன்னார். புதுப் படிவத்தில் ஒரு கையெழுத்து என்று நான் கேட்டதும் முடியாது என்றார். இரண்டாம் தடவை கேட்டேன். ஆசிரியரின் மனைவியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பழைய படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

“இது உங்கட பேரா?”

“ஓம், மிஸ். பிழையா எழுதிப்போட்டன்.”

“எழுதினது சரி. எழுதிப்போட்டு ஏன் கொண்டுபோகேல்ல?”

எல்லோரும் நான் எழுதியதற்குச் சிரித்தார்கள். கொண்டுபோகாததைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். மேசையில் கிடந்த கடிதங்களைப் பார்த்தேன்.

அவர் முடிவாகச் சொன்னது இதுதான். வெறும் இடத்துக்குக் கீழே இனிக் கையெழுத்து இல்லை. வாங்குகிறவர் நேரில் வந்து, தன் முன்னால் பெயர் எழுத வேண்டும். எழுதிய பிறகு தான் கையெழுத்து வைப்பார். படிவத்தை எங்களிடம் தரமாட்டார், தானே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார்.

அடுத்த திங்கட்கிழமை போனோம். எனக்கு விமானம் வியாழக்கிழமை. ராத்தாவைத் தனியே விட ஏலாது என்று அவரையும் ஏற்றிக்கொண்டோம். பழக வேண்டும் என்பதற்காக ஆசிரியரே ஓட்டினார். மாட்டு வண்டிக்கு வழிவிட்டு, நாய்க்கு வழிவிட்டு, யாரும் வராத சந்தியிலும் நின்று பார்த்துப் போனார். கந்தளாயில் அவர் தன் பெயரை எழுதினார், ஆசிரியரின் எழுத்து, அழகாக இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். என் பழைய படிவத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்து, இரத்து என்று எழுதி, திகதி போட்டு என்னிடம் தந்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

சாய்ந்த சீட் பின்னால் இருப்பவரின் முழங்காலில் வந்து முட்டும். இரண்டு வருடம் அந்தச் சீட்டோடு ஓட்டியும் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. காலை மடக்கிக்கொண்டு இருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா காருக்குள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“என்ட கார்ல இப்படி சீட் இருக்கேல்ல” என்றார்.

“அது வான் சீட், மிஸ்.”

“பாக்க வடிவில்ல.”

“வடிவில்லத்தான்” என்றார் ராத்தா, கண்ணைத் திறக்காமல். “இது இல்லாட்டி இந்தக் காரை வாங்க நான் விட்டிருக்க மாட்டேன், மிஸ்.”

திருகோணமலையில் வாகனப் பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்தவர், ஒரு படிவத்துக்கு ஏன் மூன்று பேர் என்று கேட்டார். அந்த அம்மா படிவத்தை நீட்டினார். ஒவ்வொரு முத்திரையும் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரசீது வந்ததும் நம்பரை இரண்டு தடவை வாசித்து ஆசிரியரிடம் கொடுத்தார். தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று எதிர்க் கடையில் எடுத்துப் பையில் வைத்தார். கந்தளாய்க்குத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறோம் என்றோம். வேண்டாம், பஸ் இருக்கிறது, இனி இந்தக் காரில் ஏறத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு நடந்துபோனார்.

ஆசிரியரிடம் மற்றச் சாவியையும் கொடுத்தேன். எப்போது போகிறேன் என்று ராத்தா கேட்டார். வியாழன் என்றேன். அடுத்த நாள் செவ்வாய், நான் ஓட்டாத முதல் செவ்வாய். ஆசிரியர் வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டு, நேரத்துக்கு வந்து சேர்ந்தார். நான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காரை இரண்டு இடத்தை அடைத்து நிறுத்தியிருந்தார்.

மாலைதீவில் இரண்டாம் கிழமை, நான் படகில் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் தொலைபேசி எடுத்தார். வீட்டு வாசலில் நிற்பதாகச் சொன்னார். ராத்தா காருக்குள்ளேயே படுத்திருக்கிறார், சீட் நிமிரவில்லை, இழுத்துப் பார்த்தாயிற்று. இவ்வளவு நாளும் இழுத்ததும் நிமிர்ந்ததாம், அன்றைக்குத்தான் சிக்கிக்கொண்டது; சிக்கினால் நிமிர்த்தும் வழி எனக்கு மட்டும்தான் தெரியும்.

“இடதுபக்கம், சீட்டுக்குக் கீழ ஒரு கம்பி இருக்கு, சேர். கையால இழுக்காதீங்க. காலால மேல தள்ளிக்கொண்டு, முதுகுப் பக்கத்தத் தூக்குங்க.”

அங்கே இரும்பு உராயும் சத்தம் கேட்டது. பிறகு ராத்தாவின் குரல். அவசரம் இல்லை, கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கிறேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே படகு வெளிக்கிடக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கம்பியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.